படத்தில் இருப்பவரிடம் கேட்டீர்களா?

 

நம் மக்தபில் பல ஆண்டுகளுக்கு முன் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இன்று எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கெழுதும் பணியில் இருக்கிறார். தீபாவளி போனஸாக வந்த தொகையைச் சேர்த்து வைத்து, பழைய கேமரா ஒன்றை விலைக்கு வாங்கினார். ஞாயிறுதோறும் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, அன்று எடுத்தவற்றை நம்மிடம் காட்டுவார். நமக்குப் புகைப்படக் கலை தெரியாது. ஆயினும் ஓதிக்கொடுத்த ஆசிரியரிடம் எதையும் காட்டிவிட்டுத்தான் மனம் ஆறும் என்கிற வயதை அவர் இன்னும் கடக்கவில்லை.

முதலில் கட்டடங்களை எடுத்தார். 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தின் தூண்கள், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், காசிமேட்டில் வரிசை கட்டி நிற்கும் விசைப்படகுகள். எல்லாம் அழகாகவே இருந்தன. பிறகு, "ஹஜ்ரத், இனிமேல் முகங்களைத்தான் எடுக்கப் போகிறேன்" என்றார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கட்டடத்திற்கு மானம் இல்லை, மனிதருக்கு உண்டு.

உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய மார்க்கச் சட்டத்தை விட்டுவிட்டு நாம் எங்கோ போகிறோமே என்று வாசகர்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கருத்து வேறுபாடு நம் எல்லாருக்கும் தெரிந்ததே. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்க் முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், கேமரா செய்வது படைத்தலன்று, ஏற்கெனவே உள்ள நிழலைப் பிடித்து வைத்தலே என்று கூறி அதை அனுமதித்தார்கள். நம் துணைக்கண்டத்தின் தேவ்பந்த் மரபைச் சார்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்ற பெரியோர்கள் அதை மறுத்துத் தனி நூலே எழுதினார்கள். கடவுச்சீட்டு முதலான கட்டாயத் தேவைக்கு மட்டும் இடமளித்தோரும் உளர். இவ்வேறுபாட்டைத் தீர்த்து வைக்கும் தகுதி நமக்கில்லை. அது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. கூடாது என்போர் எடுக்காமலிருப்பதை மதிக்கிறோம். ஆனால், கூடும் என்று முடிவு செய்து நாள்தோறும் கைப்பேசியில் நூறு முகங்களை எடுத்துத் தள்ளுகின்ற நம் குடும்பங்களில், எப்படி எடுப்பது என்ற அடுத்த கேள்வியை எவரும் கேட்பதில்லை. அதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

மாணவரின் முதல் முகப் படங்கள் கரிக்கட்டைகளாக வந்தன. காசிமேட்டில் ஏலம் நடக்கும் விடியற்பொழுதில், பின்னால் கடலும் வானமும் பளிச்சென்று இருக்க, முன்னால் நின்ற மனிதரின் முகத்தில் கண் எது, மூக்கு எது என்றே தெரியவில்லை. ஒரு புகைப்படக் குழுவில் அவற்றைக் காட்டியபோது, "நல்ல முயற்சி", "கேமராவை மாற்றுங்கள்" என்ற இரண்டு விதமான கருத்துகளே கிடைத்தனவாம். இரண்டாலும் பயனில்லை. முடிவில் தண்டையார்பேட்டையில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் அனுப்பி வைத்தோம். அவர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்ததை மாணவர் நமக்கு விளக்கினார். கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடுகிறது. கடலின் வெளிச்சம் மிகுந்தால் படம் முழுவதையும் இருட்டாக்கிக் கணக்கைச் சரி செய்துகொள்கிறது. நடுவில் நிற்கும் கருத்த மேனியர் அந்த இருட்டில் அகப்பட்டு மறைகிறார். ஆகவே கடலை மறந்துவிட்டு முகத்திற்கு ஒளியை அளக்க வேண்டும். கடல் வெளுத்துப்போனால் போகட்டும். உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்குழிகள் கறுத்துவிடும். தகரக் கொட்டகையின் விளிம்பு நிழலில், வெளிச்சத்தைப் பார்த்தவாறு நிறுத்த வேண்டும். கண்ணில் குவியம் வைக்க வேண்டும். "கையையும் சேர்த்து எடு. வலை பின்னுபவன் முகத்தில் பாதிதான் இருக்கிறான், மீதி அவன் கையில் இருக்கிறான்" என்பது பெரியவர் சொன்ன கடைசிச் சொல். கருத்துக் கூறுவதென்றால் இப்படியன்றோ கூற வேண்டும்!

நிறத்தைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கருத்த மேனியைக் கேமரா புறக்கணிப்பது தற்செயலன்று. வண்ணப்படச் சுருள்களின் காலத்தில் கோடாக் நிறுவனம் 1950கள் முதல் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தது வெள்ளை நிறப் பெண்ணின் படமே. முதலில் படத்திற்கு நின்ற பெண்ணின் பெயரால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர் வழங்கிற்று. அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாருடைய தோலும் சரியாக வந்ததாகக் கணக்கு. இன்று அந்த வேலையைக் கைப்பேசியின் அழகூட்டும் வசதி செய்கிறது. நம் பெண் பிள்ளைகளின் திருமணத்திற்கென அனுப்பும் படங்களில் எத்தனை படங்கள் உண்மை நிறத்தோடு போகின்றன? அல்லாஹ் தந்த நிறத்தைத் தாயே விரலால் தேய்த்து அழிக்கும் காட்சியை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

மாணவரின் படங்கள் தேறி வந்தன. அப்படியிருக்கையில்தான் 2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்புப் படலம். மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளி எடுத்த காட்சிகளை நாடே பார்த்தது. அம்மாத இறுதியிலேயே, 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா வாயுவால் பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடி வந்ததும் நினைவிருக்கும்.

எண்ணெய் மிதந்த நாள்களில் ஒன்றில் மாணவர் ஆற்றோரக் குப்பம் ஒன்றிற்குச் சென்றார். அறுபது வயதை நெருங்கும் மீனவர் ஒருவர் படகிலிருந்து நிமிர்ந்த கணத்தில் ஒரு படம் எடுத்தார். முழங்கை வரை எண்ணெய், நெற்றியில் ஒரு கரிய தீற்றல், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். பெரியவர் சொன்னபடி கைகளும் இருந்தன; ஒளியும் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. குழுவில் எல்லாரும் பாராட்டினர். நாமும் பாராட்டினோம். பாராட்டியதோடு நில்லாமல், புயல் நிவாரணத்திற்கு நம் ஜமாஅத் இளைஞர்கள் நிதி திரட்டிக்கொண்டிருந்ததால், உதவி கோரும் செய்தியோடு அந்தப் படத்தை இணைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அது குழுக்களைத் தாண்டிப் போயிற்று. நிதியும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். நல்லதைச் செய்தோம் என்றே நம்பியிருந்தோம்.

பிப்ரவரியில் அந்தப் படத்தை அச்சிட்டு, கொடுத்துவிட்டு வரலாமென்று மாணவர் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். மீனவர் படத்தைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. "இதை ஏற்கெனவே பாத்துட்டேன் தம்பி. என் மவன் போன்ல வந்துச்சு. நான் மீன் போடுற கடைக்காரனுக்கும் வந்துச்சு. இதப் பாத்தா எவன் தம்பி என் மீனை வாங்குவான்?" என்றார்.

நமக்கு மறுமொழி இல்லை. அந்நாள்களில் எண்ணூர் மீன் என்றாலே மக்கள் ஒதுங்கியது உண்மை. அதற்கு அந்த ஒரு படம் காரணமென்று சொல்ல முடியாது. ஆனால் ஒதுங்கிய கூட்டத்தில் அவருடைய முகம் மட்டும் அடையாளம் காணப்படும் முகமாயிற்று. அவரைத் தெரியாத ஆயிரம் பேரின் இரக்கத்தைப் பெற்றுத் தந்தோம். அவரைத் தெரிந்த ஒரே வியாபாரியின் நம்பிக்கையை இழக்கச் செய்தோம். படம் நன்றாக இருக்கிறதா என்று குழுவில் கேட்டோம், ஸ்டூடியோ பெரியவரிடம் கேட்டோம், நமக்குள் கேட்டுக்கொண்டோம். படத்தில் இருந்தவரிடம் இரண்டு மாதம் கழித்தே போனோம், அதுவும் கேட்பதற்கன்று, கொடுப்பதற்கு.

வீடு திரும்பிய பின் நம்மை உறுத்தியது சூரத்துந் நூரின் 27, 28ஆம் வசனங்கள். பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும். திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும். இந்த இஸ்திஃதான் ஒழுக்கத்தை நாம் ஆண்டுதோறும் சிறு பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். கதவு, மூன்று முறை அழைப்பு, பக்கவாட்டில் நிற்றல் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு மனிதரின் முகம் அவருடைய வீட்டைவிடப் பொதுவான இடமா என்ன? நுழையும்போது மட்டுமன்று, உள்ளே கண்டதை வெளியே கொண்டு செல்லும்போதும் அனுமதி வேண்டாமா? மாணவர் படம் எடுக்கும் முன் தலையை அசைத்துக் கேட்டதாகவும், மீனவரும் தலையசைத்ததாகவும் கூறுகிறார். அது எடுப்பதற்கான அனுமதி. அதைச் சென்னை முழுவதும் அனுப்புவதற்கான அனுமதியை நாம் கேட்கவில்லை. அந்தப் பொறுப்பு மாணவருடையதன்று, நம்முடையது.

உலகப் புகழ்பெற்ற முகப் படம் ஒன்றின் கதையும் இதுவே. 1984இல் பெஷாவர் அருகே நாஸிர் பாக் அகதி முகாமில், கூடாரப் பள்ளியில் பயின்ற ஆப்கானியச் சிறுமி ஒருவரை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் அது வெளிவந்தது. பச்சைக் கண்களை உலகம் கொண்டாடிற்று. அச்சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002ஆம் ஆண்டு வரை அந்த இதழுக்கே தெரியாது. அவரும் அவ்வாண்டில்தான் தம் படத்தை முதன்முதலாகப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆடவர் தம்மைப் படம் எடுத்ததால் அன்று கோபமுற்றதாக அவர் கூறினார். அந்தக் கண்களில் அச்சத்தையும் போரையும் பலர் வாசித்திருந்தனர்; கோபத்தை வாசிக்கவில்லை. 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டபோது அவரது முகமே செய்தியாயிற்று. பதினேழு ஆண்டுகள் உலகத்தார் எல்லாரும் அப்படத்தைப் பற்றிக் கருத்துக் கூறினர். அவர் ஒருவரைத் தவிர.

நம் சென்னையிலும் முன்மாதிரிகள் உண்டு. ஒன்று தீயது, ஒன்று நல்லது. 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார்; படமும் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவரது நூலில் உள்ள படங்களில் பெரும்பாலானவற்றின் கீழ் சாதிப் பெயரே இருக்கும், மனிதரின் பெயர் இராது. முகம் ஒரு மாதிரிப் பொருளாயிற்று. இதற்கு நேர்மாறாக, பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி தளத்தின் முகங்கள் திட்டத்தில் மாவட்டம் மாவட்டமாக எடுக்கப்படும் படங்களோடு பெயர், தொழில், ஊர் என்பவை சேர்ந்தே வருகின்றன. அதே தளத்தில் பணியாற்றும் எம். பழனி குமார், 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். மதுரையில் மீன் விற்றுத் தம்மை வளர்த்த தாயை அவர் எடுத்த படங்களை நம் மாணவரிடம் காட்டினோம். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதில் அந்த அம்மா பாவமாகத் தெரியவில்லை, ஹஜ்ரத். வேலையாகத் தெரிகிறார்கள்" என்றார். நாம் கேட்ட புகைப்படக் கருத்துகளில் நமக்குப் பிடித்தது இது.

வடசென்னை மக்களாகிய நாம் இதை எளிதில் உணர வேண்டியவர்கள். திரைப்படத்தில் நம் தெரு என்றால் கத்தி. செய்தியில் நம் சமுதாயம் என்றால் தொப்பியும் தாடியும் முதுகுப்புறமாகத் தெரியும் ஏதோ ஒரு கோப்புப் படம். முகமறியாமல் நம்மைப் படம் பிடிப்போர் மீது குறைபடும் நாமே, ரமளானில் என்ன செய்கிறோம்? அரிசிப் பையை ஒரு கையும் ஏழை விதவையின் கையை மறு கையுமாகப் பிடித்து, நிர்வாகிகள் அறுவர் வரிசையாக நிற்க, ஒரு படம். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "இங்கே பாருங்கம்மா" என்று ஒரு குரல். கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் ஸதகாவைப் பாழாக்காதீர்கள் என்ற சூரத்துல் பகராவின் 264ஆம் வசனத்தின் பொருளை மேடையில் விளக்கிவிட்டு இறங்கியவுடனே இது நடக்கிறது. கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பார்கள். கணக்குக்குப் பைகளின் படம் போதும், இரசீது போதும். நன்கொடையாளர் முகம் கேட்டால், கொடுப்பவரின் முகத்தை அனுப்புங்கள். வாங்குபவரின் முகம் வேண்டாம். நம் மதரஸாவில் இவ்வாண்டு முதல் இதை நடைமுறையாக்கியுள்ளோம். எண்ணூரில் அந்த மீனவரிடம் பேச்சற்று நின்றிராவிட்டால் இதைச் செய்திருப்போமா என்று தெரியவில்லை.

முகங்களையே எடுக்காதீர்கள் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். நம் அத்தா, அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக, துறைமுகத்தில் முப்பதாண்டு உழைத்தவர்கள். படம் எடுத்துக்கொள்வதை விரும்பாதவர்கள், நாங்களும் வற்புறுத்தியதில்லை. ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டுக்காக எடுத்த ஒரே படம் உள்ளது. ஒளி கண்ணில் வெட்டியதால் புருவம் நெரித்து, இறுகிய உதட்டோடு இருக்கிறார்கள். "தாதா எப்போதும் கோபமாக இருப்பார்களா?" என்று நம் மகள் கேட்டாள். அவர்களைப் போல் சிரித்துப் பேசியவரை நாம் இராயபுரத்தில் கண்டதில்லை. அவர்களுடைய பேணுதலை இன்றும் மதிக்கிறோம். மகளின் கேள்விக்குச் சொற்களால் மட்டுமே பதில் சொல்ல முடிகிறது என்பதையும் மறைக்கவில்லை.

மீனவரின் கதை அத்துடன் முடியவில்லை. அன்று நாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பும் வேளையில், "எப்படி எடுத்தால் உங்களுக்குச் சம்மதம், ஐயா?" என்று மாணவர் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, தம் பெயர் எழுதிய படகின் முன்பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். ஆற்றில் எண்ணெய் தெரியக் கூடாது. அடுத்த ஞாயிறு அவ்வாறே எடுக்கப்பட்டது. குழுவில் காட்டினால் ஸ்டூடியோப் படம் போல விறைப்பாக இருக்கிறது என்பார்கள். மாணவர் காட்டவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. நாமும் அச்சில்தான் பார்த்தோம். பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துச் சென்றார். மீனவர் அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் கொண்டு வந்து, மறுபடியும் தள்ளிப் பிடித்துப் பார்த்தாராம்.

"எல்லாம் சரி தம்பி, பேரனோட காது ஒண்ணு மறைஞ்சிருக்கு" என்றாராம்.

வரும் ஞாயிறு மீண்டும் எடுக்கப் போகிறார்.